பண்பாட்டிடை உரையாடலும் பரிமாற்றமும்: யாழ்ப்பாணத்தில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இயங்கும் சிறிய பண்பாட்டு நிலையம் ஒன்றின் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் என்ற முறையில், பெற்றோர், ஆசிரியர், கூத்துக் கலைஞர், சனசமூக நிலையத்தார், விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்தோர் எனப் பலரும் எம்மிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான எமது மறுமொழிகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். சில கேள்விகள் ஆர்வத்தோடு கேட்கப்படுபவை. சில சந்தேகத்தோடு கேட்கப்படுபவை. சந்தேகத்தோடு வருபவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

பல இனத்தவரின் கலைகளை ஒரே மேடையில் ஏற்றினால் போதாதா? உரையாடல் என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

போதாது என்பதே எமது கருத்து. ஒரு கண்டிய நடனம், ஒரு பரதநாட்டியம், முஸ்லிம்களின் களிகம்பாட்டம் ஒன்று என்று வரிசையாக மேடையேற்றி, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, சாப்பாட்டுப் பொதி கொடுத்து எல்லாரையும் பஸ் ஏற்றிவிடும் விழாக்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அங்கே ஆட வந்தவர்கள் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்ப்பதுகூட அரிது, ஏனென்றால் ஒரு குழு ஆடும்போது அடுத்த குழு ஒப்பனை அறையில் இருக்கும். நாம் உரையாடல் என்று கருதுவது, வெவ்வேறு மொழியும் சமயமும் வழக்காறும் உடையவர்கள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்து, அதன் நடுவே எழும் கேள்விகளையும் மனத்தாங்கல்களையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை. அவை எல்லாம் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மை பற்றி யுனெஸ்கோ 2005இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையும் பண்பாடுகள் சமநிலையில் ஊடாடுவதையே வலியுறுத்துகிறது. மேடை போடுவது எளிது. அந்தச் சமநிலையைப் பேணுவதுதான் கடினம், அதற்கே எமது வேலையின் பெரும்பகுதி செலவாகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதாக இறக்குமதி செய்யப்பட்ட எண்ணம் அல்லவா?

இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் சொல்லப்படும் கட்டியம் என்ற புகழுரையில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகுவின் பெயர் இடம்பெறுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் தென்னிலங்கையின் கோட்டை இராச்சியத்தின் சார்பில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஆண்ட, சிங்களவர் சப்புமல் குமாரய என்றும் தமிழர் செண்பகப்பெருமாள் என்றும் வழங்கும் இளவரசனே அவன் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். படையெடுத்து வந்தவன் ஒருவனின் பெயர் கோயில் கட்டியத்தில் நிலைத்துவிட்டதை எப்படி விளங்கிக்கொள்வது என்பது தனியாகப் பேச வேண்டிய விடயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இன்னும் தெளிவான சான்றுகளைத் தருகிறது. 1816இல் அமெரிக்க மிசன் இங்கு பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தோன்றின. 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழைக் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி அதே மிசனரிமாரின் பிரசாரத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அவர்களோடு பழகிக் கற்ற அச்சும் பிரசங்கமும் பாடசாலை அமைப்பும் அந்த எதிர்ப்புக்கே அவருக்குக் கைகொடுத்தன. உரையாடல் என்றால் இருவரும் ஒரே கருத்துக்கு வந்துவிடுவது என்று நினைப்பவர்களுக்கு நாம் முதலில் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தென்னிலங்கைத் தலைவர்களைத் தன் மாநாடுகளுக்கு அழைத்தது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. இந்த மரபு நடுவில் அறுந்தது உண்மை. அதற்காக அது எமதல்ல என்று ஆகிவிடாது.

சிங்களவரோடு மட்டும்தான் உரையாடலா?

நிதி தருவோர் பெரும்பாலும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. எமது மொழியையே பேசும், எமது தெருக்களிலேயே பிறந்து வளர்ந்த மக்கள் அவர்கள். கொழும்பு சாஹிராக் கல்லூரி அதிபராக விளங்கிய கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். அவர்கள் தஞ்சம் புகுந்த புத்தளத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்ட பிறகு திரும்பி வந்தோரும், வர முடியாதோரும், இங்கிருந்தோரும் உட்கார்ந்து பேசாமல், காலியிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரு குழுவை அழைத்து வந்து ஒற்றுமை பேசுவது எமக்குச் சரியாகப் படவில்லை.

1958, 1977 வன்செயல்களின் பின் வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரும் இதில் அடங்குவர். சாதி பற்றியும் சொல்லியாக வேண்டும்: ஒரு ஊரின் பறைக் கலைஞரை மேடைக்கு அழைத்துவிட்டு அவருக்குத் தேநீரை எந்தக் கோப்பையில் கொடுப்பது என்று தயங்கும் ஏற்பாட்டாளர்கள் பண்பாடுகளுக்கு இடையிலான மதிப்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள். எமது நிலையத்தில் எல்லாருக்கும் ஒரே கோப்பை, ஒரே பந்தி. இதை விதியாக எழுதி வைக்க வேண்டியிருந்ததே வெட்கத்துக்குரியது.

எவ்வகை நிகழ்ச்சி உண்மையில் பயன் தருகிறது?

கூத்துப் பட்டறைகளே என்று தயங்காமல் சொல்வோம். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு, நடைமுறைக் காரணமும் உண்டு.

சிங்கள நாடகம என்ற அரங்க வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து, பெரிதும் கத்தோலிக்க மரபின் வழியாக, மேற்குக் கரையோரச் சிங்கள மக்களிடம் சென்றது. அங்கே இன்றும் முழங்குவது மத்தளந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர அந்த வடிவத்தை எடுத்து நவீன அரங்குக்கு ஏற்ப அமைத்த மனமே என்ற சிங்கள நாடகம், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் நிறைவேறிய அதே 1956இல் மேடையேறியது. அதே பேராதனையில் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளைச் செப்பனிட்டுக் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். பின்னாளில் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அரசியல் இரண்டு மொழிகளையும் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு அரங்குகளும் ஒரே ஊற்றிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தன. ஆகவே பாசையூரிலோ குருநகரிலோ நாவாந்துறையிலோ தென்மோடி என்ற பாணியில் கூத்துப் பயின்ற ஒருவரும் நீர்கொழும்புப் பக்கத்து நாடகமக் கலைஞர் ஒருவரும் சந்திக்கும்போது, ஒருவர் மற்றவருக்கு வேடிக்கைப் பொருள் ஆவதில்லை. தூரத்து உறவினர் வீட்டு விசேடத்தில் சந்தித்துக்கொள்வதுபோல, எங்கே எப்படிப் பிரிந்தோம் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

பட்டறை நடக்கும் விதத்தைச் சிறிது சொல்கிறோம். முதல் நாள் பாட்டும் இல்லை, வேட உடுப்பும் இல்லை, காலடி மட்டும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு தாளக்கட்டைச் சொல்லச் சொல்ல, எல்லாரும் வட்டமாக நின்று மிதிப்பார்கள். மறுநாள் கண்டிய மரபில் பயின்றவர் கண்டிய மேளமான கெட்டபெரயவோடு வந்து தத், ஜித், தொங், நங் என்ற நான்கு அடிப்படை ஒலிகளையும் சொல்லிக் கொடுப்பார். பாதத்தை நிலத்தில் அழுத்தும் இடமும் முழங்கால் வளையும் அளவும் இரு மரபிலும் வேறு. பல ஆண்டு பயின்ற கலைஞர்கள்கூட மற்ற மரபின் மிதியில் தடுமாறுவார்கள்; அந்தத் தடுமாற்றத்தில் வரும் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மூன்றாம் நாளளவில் கேள்விகள் தாமாக வரத் தொடங்கும்: உங்கள் ஊரில் பெண்கள் ஆடலாமா, கோயிலில் ஆடுவீர்களா மேடையிலா, உங்கள் மகன் இதைப் பழகுகிறானா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இரு பக்கத்திலும் ஒரே பதில்தான் வருகிறது.

இந்த வழியில் எமக்கு முன்னோடிகள் உண்டு. நீ. மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் அரங்கை விட்டுக்கொடுக்காமல், தென்னிலங்கைக் கலைஞரோடும் வெளிநாட்டுக் கலைஞரோடும் தொடர்பைப் பேணியது. தென்னிலங்கையிலிருந்து புறப்பட்ட ஜனகரலிய நடமாடும் அரங்கு, சிங்கள, தமிழ் நடிகர்களை ஒரே குழுவாக வைத்து இரு மொழியிலும் நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. 2011இல் தொடங்கிய யாழ்ப்பாண இசை விழாவும் 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவும் வேறு அளவில், வேறு பார்வையாளருக்காக நடந்தவை. பெரிய விழா ஒன்று நகரத்துக்கு ஓர் உற்சாகத்தைத் தரும், மறுக்கவில்லை. பழக்கம் ஏற்படுவது சிறிய அறையில்தான் என்பது எமது அனுபவம்.

எந்த மொழியில் நடத்துகிறீர்கள்?

தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகள் என்றும் ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் அரசியலமைப்பு கூறுகிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் இதற்கு வழிவகுத்தது. நடைமுறையில் இப்படியான சந்திப்புகள் ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடுகின்றன, ஏனென்றால் ஏற்பாட்டாளர்களுக்கு அது வசதி. அப்படி நடந்தால் பேசுவோர் நகரத்தில் படித்த சிலர் மட்டும். அண்ணாவியாரும் தையல் ஆசிரியையும் மீனவர் சங்கத் தலைவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் பேச வேண்டும் என்பது எமது விதி. மொழிபெயர்ப்பாளர் இருவரை அமர்த்துகிறோம், ஒருவர் களைத்தால் மற்றவர் தொடர்வார். பேசுபவர் மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். பேச்சு வன்மை உள்ள எம்மவர்களுக்கு இது பெரும் தண்டனை. நிகழ்ச்சி நேரம் இரட்டிப்பாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, விடயங்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறோம். நாடகத்துக்குத் திரையில் மேல்வரி ஓடவிடும்போது, வசனம் முழுவதையும் போடாமல் கதை பிடிபடும் அளவு மட்டும் போடுகிறோம், இல்லாவிட்டால் பார்வையாளர் நடிகரைப் பார்க்கவே மாட்டார்.

போரைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேச அனுமதி உண்டா?

உண்டு. பேசக்கூடாது என்று தடுத்துவிட்டு எதைப் பரிமாறுவது? வெளியூர்க் குழு எதுவும் யாழ்ப்பாணம் வந்தால் முதலில் பார்க்க விரும்புவது பொது நூலகத்தை. 1959இல் திறக்கப்பட்ட அந்த நூலகம் 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. வெள்ளையாகப் புதுப்பிக்கப்பட்டு நிற்கும் கட்டடத்தைப் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. அதைத் திருத்திக் கட்ட ஒரு நூலும் ஒரு செங்கல்லும் தாருங்கள் என்று நாடு முழுவதும் கேட்கப்பட்டதும், எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்று இங்கு பலர் வாதிட்டதும், 2003இல் திறப்பு விழா எதிர்ப்பினால் தள்ளிப்போய் 2004இலேயே அது மக்கள் பாவனைக்கு வந்ததும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். எமது நிகழ்ச்சியில் இதை வழிகாட்டி ஒருவர் ஒப்புவிப்பதில்லை. அந்நாளில் அந்த நூலகத்தில் படித்த முதியவர்களை வாசிப்பு மேசையருகே இருத்திப் பேசவைக்கிறோம். கேட்கும் பக்கத்தில், படையில் சேர்ந்த மகனை இழந்த தாய் இருக்கலாம். அவருக்கும் பேச நேரம் உண்டு. எவர் சொன்னதையும் அந்த இடத்தில் மறுத்து வாதாட வேண்டாம், முதலில் கேளுங்கள் என்பது ஒன்றே நிபந்தனை. வாதத்துக்கு அடுத்த நாள் தனி அமர்வு வைக்கிறோம்.

நாட்களையும் பார்த்துத்தான் குறிக்கிறோம். போரில் இறந்தோரை நினைவுகூரும் மே 18, மாவீரர் நாளான நவம்பர் 27 ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களில் கொண்டாட்டத் தன்மையுள்ள எதையும் வைப்பதில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நோன்பு மாதமும் அதே போல.

நிகழ்ச்சியிலேயே பிணக்கு ஏற்பட்டால்?

ஏற்படும். 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்புக்குக் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய கருத்து வேறுபாடு மாணவர் மோதலாக மாறியதை இங்கு எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கலை தானாகவே மனிதரைச் சேர்த்துவிடும் என்று நம்புவோர் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஊர்வலத்தில் எது முன்னே போகிறது, விளக்கை யார் ஏற்றுகிறார், அழைப்பிதழில் எந்த மொழி மேலே வருகிறது என்பவை சில்லறை விடயங்கள் அல்ல. இந்நாட்டில் அவற்றுக்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு நிற்கிறது. அதனால் அவற்றை விழா நாளில் தீர்மானிக்காமல், முதல் கூட்டத்திலேயே எல்லாரையும் வைத்துக்கொண்டு தீர்மானித்து, எழுதிக் கையொப்பமிடுகிறோம்.

இப்படிக் கலந்தால் எமது பண்பாடு நீர்த்துப்போகாதா?

அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி என்பதால் கவனமாகவே மறுமொழி சொல்கிறோம். நடிகமணி வி. வி. வைரமுத்து மயானகாண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியபோது கூட ஒலித்த ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்தது. அந்த இசை நாடக மரபோ தமிழகக் குழுக்களின் வழியாக இங்கு வந்தது. இன்று அதை யாழ்ப்பாணத்துக்குரியதல்ல என்று எவராவது சொல்வாரா? கூத்துக்கு இன்று இருக்கும் ஆபத்து வெளியிலிருந்து வருவது அல்ல. அண்ணாவியார் இறந்தால் அவரது கொப்பிகள் கறையானுக்குப் போகின்றன, பிள்ளைகள் பின்னேரமெல்லாம் தனியார் வகுப்பில் இருக்கிறார்கள், காத்தவராயன் கூத்து ஆடிய களரிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வேற்றூரார் ஒருவர் வந்து கேட்ட பின்புதான் தம் பேரனுக்கு மத்தளம் பழக்கத் தொடங்கிய பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம்.

நிதி எங்கிருந்து வருகிறது? அதற்கு நிபந்தனை இருக்குமே?

இருக்கும். தூதரகங்களும் வெளிநாட்டுப் பண்பாட்டு நிறுவனங்களும் தத்தம் நாட்டின் நோக்கத்தோடுதான் செலவழிக்கின்றன. அது இரகசியம் அல்ல. பொது நூலகத்துக்கு அருகே இந்தியாவின் நிதியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2023 பெப்ரவரியில் திறக்கப்பட்ட அது, 2025 யனவரியில் திருவள்ளுவர் பெயரால் அழைக்கப்படும் என அறிவிக்கப்பட்டபோது, வள்ளுவரிடம் எவருக்கும் பகை இல்லாவிட்டாலும் யாழ்ப்பாணம் என்ற பெயர் விடுபட்டதைப் பலர் எதிர்த்தனர். பின்னர் அது யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம் ஆயிற்று. கொடுப்பவரும் பெறுபவரும் நண்பர்களாக இருந்தாலும் பெயர் வைக்கும்போது கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை அது காட்டியது.

எம்மைப் பொறுத்தவரை மூன்று விடயங்களை நிதி தருவோரிடம் விட்டுக்கொடுப்பதில்லை: பங்குபற்றுவோரைத் தெரிவு செய்வது, அமர்வுகளின் மொழி, படம் எடுப்பது. கடைசியானது அற்பமாகத் தோன்றலாம். அழுதுகொண்டு பேசும் ஒருவரின் படம் ஆண்டறிக்கையின் அட்டைக்குப் போகக்கூடாது.

கலைஞர்களுக்கு ஊதியம் உண்டா?

உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவில். கொழும்பிலிருந்து வருபவருக்கு ஒரு தொகை, உள்ளூர் அண்ணாவியாருக்குப் பொன்னாடை என்ற வழக்கத்தை நாம் பின்பற்றுவதில்லை. ஒத்திகை நாட்களுக்கும் கொடுக்கிறோம்.

பிள்ளையை வெளி மாவட்டத்துக்கு அனுப்பினால் பாதுகாப்பும் சாப்பாடும் எப்படி?

பாடசாலை மாணவர் எனில் அதிபரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் செல்வார். வீடுகளில் தங்கவைக்கும்போது இருவரைச் சேர்த்தே ஒரு வீட்டில் விடுகிறோம். மரக்கறிச் சாப்பாடு, ஹலால், வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் படிவத்தில் கேட்கப்படும். இங்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஒடியற்கூழ் காய்ச்சுவது வழக்கம். மீனும் நண்டும் சேர்வதால் மரக்கறிக்காரருக்கு வேறு பானை.

புலம்பெயர்ந்த நாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகள் சேரலாமா?

சேரலாம். தமிழ் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். ஆனால் அவர்களும் ஏதாவது கற்பிக்க வேண்டும்; பார்வையாளராக மட்டும் எவரையும் எடுப்பதில்லை.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பக்கம் போதும். எந்தக் கலையை அல்லது கைவேலையை யாரிடம், எவ்வளவு காலம் பயின்றீர்கள். அதில் எதை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். சமாதானம் பற்றிய கட்டுரை வேண்டாம். பல ஆண்டு பனையோலை பின்னும் ஒருவர் கையெழுத்தில் எழுதி அனுப்பும் ஐந்து வரியும் எமக்கு ஏற்புடையதே. எழுத முடியாதவர்கள் நேரில் வந்து சொன்னால் நாமே எழுதிக்கொள்வோம். தெரிவு செய்யப்படாதவர்களுக்கும் காரணத்தோடு மறுமொழி அனுப்பப்படும். அவர்கள் அடுத்த பட்டறைக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.